பழைய மவுண்டன் பைக் என்ன விலை போகும்?

1980களிலோ 90களிலோ வாங்கிய மவுண்டன் பைக் ஒன்று கராஜ் மூலையிலிருந்து வெளியே வருகிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று எங்கேயும் நடப்பதுதான். விலை என்ன என்று இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சைக்கிளை ஒருவர் 80 டாலருக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். இன்னொருவர் 3,000 டாலர் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே வயது, இரண்டும் 26 அங்குலச் சக்கரம், இரண்டிலும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் கியர்.

இதில் யாரும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு விலையும் சரியாக இருக்கலாம். பழைய மவுண்டன் பைக்கின் விலையை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அதை யார் வாங்க வருவார் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஓட்டுவதற்கு வாங்குபவருக்கு ஒரு விலை, பாகத்துக்காக வாங்குபவருக்கு வேறு விலை, சேகரிப்பவருக்கு முற்றிலும் வேறு விலை. கையில் இருக்கும் சைக்கிள் இந்த மூவரில் யாருக்கு உரியது என்று கண்டுபிடிப்பதுதான் விலை கணிப்பதில் பெரும்பகுதி வேலை.

## எந்தக் காலத்துச் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறோம்?

கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற மலைப்பாங்கான பகுதி இருக்கிறது. 1970களில் அங்கே சில இளைஞர்கள் 1930, 40களில் வந்த கனமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மலைப்பாதையில் மேலிருந்து கீழே ஓட்டினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே 'ரீபேக்' என்று அவர்கள் அழைத்த பாதையில் முதல் பந்தயம் 1976 அக்டோபரில் நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ், பழைய சட்டத்தை ஒட்டுப்போடுவதை விட்டு, இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேமை 1977இல் செய்தார். அந்த முதல் வரிசையில் மொத்தம் 10 சைக்கிள்கள்தான். 1979இல் டாம் ரிட்சி ஃபிரேம் செய்ய, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் அவற்றில் பாகங்களைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்யச் சொல்லிக் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர், ஆலையில் பெருமளவில் தயாரான முதல் மவுண்டன் பைக் என்று பெயர் பெற்றது. அன்றைய விலை சுமார் 750 டாலர்.

அங்கிருந்து 1990களின் இறுதி வரையான சைக்கிள்களைத்தான் இந்தச் சந்தை 'விண்டேஜ்' என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குள்ளேயே மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது 1983 வரையான கைவினைக் காலம். அப்போது செய்தவை குறைவு, மிஞ்சியவை இன்னும் குறைவு. அடுத்து 1984 முதல் 1989 வரை. ஜப்பானிலும் தைவானிலும் லட்சக்கணக்கில் சைக்கிள்கள் வந்து குவிந்த ஆண்டுகள் அவை. மூன்றாவது 1990 முதல் 1997 வரை. குலுக்கலைத் தாங்கும் முன்பக்க சஸ்பென்ஷன், டைட்டேனியம், கார்பன், ஊதா நிற அலுமினியப் பாகங்கள் என்று தினம் ஒரு புதுமை வந்த காலம். 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயம் முதல்முறையாக இடம்பெற்றது இந்தக் கட்டத்தில்தான்.

இன்று அதிகப் பணம் புழங்குவது முதல் கட்டத்திலும் மூன்றாவதிலும். நடுக்கட்டத்தில் நல்ல சைக்கிள்கள் நிறையவே உண்டு, ஆனால் அரிதானவை குறைவு. காரணம் எளிது. 1991இல் பதினைந்து வயதில் இருந்தவர்களுக்கு அன்று கடை ஜன்னலில் பார்த்து ஏங்கியது மனதில் நிற்கிறது. இன்று அவர்கள் கையில் பணம் இருக்கிறது.

## வாங்க வரும் மூவர்

1. ஓட்டுபவர். இவருக்கு வேலைக்குப் போய்வர, கடைக்குப் போக, சாமான் கட்டிக்கொண்டு நெடும்பயணம் போக ஒரு திடமான சைக்கிள் வேண்டும். சஸ்பென்ஷன் இல்லாத பழைய ஸ்டீல் மவுண்டன் பைக் இதற்கு அருமையாகப் பொருந்தும். அகல டயர் போட இடம் உண்டு, பலவற்றில் கேரியர் மாட்டத் துளைகளும் இருக்கும். ஆனால் இவர் புது சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார். அதனால் பெரும்பாலும் நூறு முதல் முந்நூறு டாலருக்குள்தான் நிற்பார்.

2. பாகம் தேடுபவர். இவருக்கு உங்கள் சைக்கிள் தேவையில்லை, அதில் இருக்கும் ஒரு ஜோடி ஷிஃப்டரோ (கியர் மாற்றும் விசை) ஒரு கிராங்கோ (பெடலைத் தாங்கும் கை) போதும். அவர் ஏற்கெனவே சீர்செய்துகொண்டிருக்கும் வேறொரு சைக்கிளுக்கு அது வேண்டும்.

3. சேகரிப்பவர். இவர் தேடுவது குறிப்பிட்ட ஒரு மாடல், குறிப்பிட்ட ஆண்டு, சில நேரம் குறிப்பிட்ட நிறம். அது கிடைத்துவிட்டால் ஆயிரக்கணக்கில் கொடுப்பார். கிடைத்தது கொஞ்சம் மாறியிருந்தால் திரும்பியும் பார்க்க மாட்டார்.

நான்காவதாக ஒருவரும் முன்பு இருந்தார்: இதே சைக்கிளைக் காட்டுப்பாதையில் முழுவீச்சில் ஓட்ட வாங்குபவர். அவர் இன்று ஏறக்குறைய இல்லை. 26 அங்குலச் சக்கரத்தின் இடத்தை 29 அங்குலமும் 27.5 அங்குலமும் பிடித்துவிட்டன. டிஸ்க் பிரேக், நல்ல சஸ்பென்ஷன், மாறிய ஃபிரேம் கோணங்கள் எல்லாம் சேர்ந்து, அந்தக் காலத்தில் 2,000 டாலர் விற்ற சைக்கிளைக்கூட இன்றைய மலிவான மவுண்டன் பைக்கைவிடப் பின்னால் தள்ளிவிட்டன. "அப்போ இவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்ற கணக்கு இந்தச் சந்தையில் செல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். 2004 வாக்கில் வந்த இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிள்களின் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுபவருக்கு அவை பழசு, சேகரிப்பவருக்குப் புதுசு.

## முதல் வேலை: அது என்ன சைக்கிள்?

பிராண்ட் பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் 300 டாலர் சைக்கிளும் விற்றிருக்கும், 2,000 டாலர் சைக்கிளும் விற்றிருக்கும். மாடல் பெயரும் ஆண்டும் தெரிய வேண்டும். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தாலும் சைக்கிளே பேசும்.

குழாய் ஸ்டிக்கர். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் ஃபிரேம் எந்த உலோகம் என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். 'ஹை-டென்சைல்' என்றோ '1020' என்றோ இருந்தால் கனமான சாதாரண ஸ்டீல், மலிவு வகை. 'குரோமோலி' அல்லது '4130' என்றால் நடுத்தரத்திலிருந்து மேல். டாங்கே பிரெஸ்டீஜ், ரிட்சி லாஜிக், ட்ரூ டெம்பர் போன்ற பெயர்கள் இருந்தால் உயர்தரம். மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் குரோமோலி என்று எழுதியிருந்தால், மிச்சத்தில் காசு மிச்சப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வரிசை எண். பெரும்பாலும் பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அழுக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்களின் எண்ணில் ஆண்டு ஒளிந்திருக்கும், சிலவற்றில் இருக்காது.

ஷிமானோ தேதிக் குறி. இது மிகவும் நம்பகமான வழி, பலருக்குத் தெரிவதில்லை. கிராங்கின் உட்பக்கம், பிரேக், செயினைப் பல்சக்கரம் மாற்றும் டீரெயிலர் போன்ற ஷிமானோ பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1976, 'பி' என்றால் 1977 என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போகலாம். மாதத்துக்கு 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ஆக 'என்-இ' என்றிருந்தால் 1989 மே மாதம் செய்தது. எழுத்துகள் 2001இல் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கின. ஆனால் 1980இன் பாகத்தையும் 2006இன் பாகத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஒரு பாகத்தின் தேதியை மட்டும் நம்பக் கூடாது, அது பின்னால் மாற்றியதாக இருக்கலாம். கிராங்க், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பிரேக், டீரெயிலர் நான்கிலும் ஆறேழு மாதத்துக்குள் தேதி பொருந்தினால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் உறுதியாகிறது: சைக்கிளின் ஆண்டு ஒன்று, அதில் பாகம் மாற்றப்படவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் விலைக்கு முக்கியம்.

பாகங்களின் தலைமுறை. கண்ணால் பார்த்தே காலத்தைக் குறுக்கலாம்.

1. ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் கழுத்தும் முக்கோணமாக ஒரே துண்டாக இருந்தால் 80களின் முற்பாதி.
2. பின் பிரேக் பின்சக்கரத்துக்கு முன்னால், பெடலுக்குப் பக்கத்தில் கீழே ஒளிந்திருந்தால் ஏறக்குறைய 1986க்கும் 1989க்கும் நடுவே. சேறு போய் அடைத்துக்கொண்டதால் அந்த அமைப்பு சீக்கிரமே வழக்கொழிந்தது.
3. பின்னால் 5 அல்லது 6 பல்சக்கரம் என்றால் 80களின் முதல் ஏழெட்டு ஆண்டுகள். 7 என்றால் 80களின் இறுதி, 90களின் தொடக்கம். 8 என்றால் உயர்ரக மாடல்களில் 1992க்குப் பிறகு.
4. கட்டைவிரலால் தள்ளும் ஷிஃப்டர் ஹேண்டில்பாருக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் 1990க்கு முன். இரண்டு பொத்தான் கொண்ட ஷிஃப்டர் கீழே இருந்தால் அதற்குப் பின்.
5. ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1, மானிட்டூ போன்ற முன் சஸ்பென்ஷன் 1990ஐ ஒட்டித்தான் கடைக்கு வந்தது.
6. நீண்ட கைகள் கொண்ட வி-பிரேக் இருந்தால் 1996 அல்லது அதற்குப் பின்.

இவற்றை எல்லாம் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுக்கான நிறுவனக் கேட்டலாக்கைத் தேட வேண்டும். பழைய கேட்டலாக்குகளின் ஸ்கேன் பிரதிகள் பெரும்பாலான பெரிய பிராண்டுகளுக்கு இணையத்தில் கிடைக்கின்றன. நிறம், பாகங்களின் பட்டியல், அன்றைய விலை மூன்றும் அதில் இருக்கும்.

## சேகரிப்பவரை இழுக்கும் பெயர்கள்

எல்லாப் பெயரையும் இங்கே அடுக்க முடியாது. ஏன் சில பெயர்களுக்கு மட்டும் மவுசு என்று புரிந்தால் போதும். மூன்று காரணங்கள் கலந்து வருகின்றன: குறைவாகச் செய்தது, ஒரு காலத்தின் பந்தயக் களத்தோடு ஒட்டியது, பிறகு நிறுவனம் கைமாறியது.

கைமாறியது ஏன் முக்கியம் என்பதற்கு ஃபேட் சிட்டி சைக்கிள்ஸ் நல்ல உதாரணம். கிறிஸ் சான்ஸ் 1982இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில் நகரில் தொடங்கிய சிறு பட்டறை அது. அவர்களின் 'யோ எடி' 90களின் தொடக்கத்தில் எல்லோரும் ஆசைப்பட்ட ஸ்டீல் ஃபிரேம். 1994இல் நிறுவனம் விற்கப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாநிலத்துக்குப் போனது. சோமர்விலிலேயே தங்கிவிட்ட தொழிலாளர்கள் சிலர் இண்டிபெண்டன்ட் ஃபேப்ரிகேஷன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று சேகரிப்பவர் முதலில் கேட்பது "சோமர்வில்லா, அதற்குப் பிறகா?" என்பதுதான். பெயர் ஒன்றே ஆனாலும் விலை வேறு.

கிளைன் இன்னொரு உதாரணம். கேரி கிளைன் வாஷிங்டன் மாநிலத்தின் செஹேலிஸில் பருத்த அலுமினியக் குழாய்களால் செய்த ஃபிரேம்கள், ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் கரைந்து போகும் பெயின்ட்டுக்காகவே பிரபலம். 1995இல் டிரெக் நிறுவனம் அதை வாங்கியது. அதற்கு முன் வந்த ஆட்டிட்யூட், அட்ராய்ட் மாடல்கள்தான் உச்ச விலைக்குப் போகின்றன. கீத் பான்ட்ரேகரின் சான்டா குரூஸ் ஃபிரேம்களுக்கும் இதே கதை. அந்த நிறுவனத்தையும் டிரெக் 1995இல்தான் வாங்கியது. இன்று புது சைக்கிள்களின் சீட்டிலும் டயரிலும் பான்ட்ரேகர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, 1991இன் கைவினை ஃபிரேமையும் அதே கணக்கில் மலிவாக விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

யெட்டி நிறுவனத்தின் சி-26 முழுக்க முழுக்கப் பந்தயக் களத்தின் குழந்தை. கார்பன் சுற்றிய அலுமினியக் குழாய்களால் மிகச் சிலவே செய்தார்கள். பந்தய வீரர் ஜான் டோமாக் 1990இல் ரோட் சைக்கிளுக்குரிய வளைந்த ஹேண்டில்பாரைப் பூட்டி அதை ஓட்டிய படங்கள் இன்றும் சுற்றுகின்றன. உண்மையான சி-26 கையில் கிடைத்தால் இந்தக் கட்டுரையை நம்பி விலை வைக்கக் கூடாது, அந்த மாடலை அறிந்தவர் நேரில் பார்க்க வேண்டும். ஜோ பிரீஸ் செய்த முதல் பிரீசர்கள், 1970களின் இறுதி, 80களின் தொடக்கத்து ரிட்சிகளுக்கும் அப்படியே.

பெரிய நிறுவனங்களின் சைக்கிள்களிலும் விதிவிலக்குகள் உண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் ஸ்டம்ப்ஜம்பர், ஜிடி சாஸ்கரின் தொடக்க ஆண்டுகள் போன்றவற்றுக்குத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1989இன் நடுத்தர டிரெக்கோ ஜயன்ட்டோ ஷ்வின்னோ என்றால், அது எவ்வளவு பளபளவென்று இருந்தாலும், ஓட்டுபவருக்கான சைக்கிள்தான்.

## ஃபிரேமைவிடப் பாகம் விலைபோகும் இடங்கள்

சாதாரண ஃபிரேமில் அருமையான பாகங்கள் இருக்கலாம். ஷிமானோவின் உயர்ரக வரிசையான டியோர் எக்ஸ்டியில் 1980களின் பின்பாதியில் வந்த கட்டைவிரல் ஷிஃப்டருக்கு இருந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. ஒரு சுழற்றில் கிளிக் முறையிலிருந்து உராய்வு முறைக்கு மாற்றலாம், அப்போது பின்னால் எத்தனை பல்சக்கரம் இருந்தாலும் வேலை செய்யும். நெடும்பயணம் போகிறவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். ஷிமானோவின் முதல் தலைமுறை எக்ஸ்டிஆர், சன்டூர் நிறுவனத்தின் எக்ஸ்சி புரோ ஆகியவற்றுக்கும் நல்ல கிராக்கி உண்டு.

அப்புறம் 90களின் தொடக்கத்தில் சிறு பட்டறைகள் கடைந்தெடுத்த அலுமினியப் பாகங்கள். குக் பிரதர்ஸ், சிங்க்ரோஸ், ரிங்லே, கிராஃப்டன், பால் போன்ற பெயர்கள் ஊதா, நீலம், சிவப்பு நிறங்களில் வரும். அழுக்கு படிந்த ஒரு பழைய சைக்கிளில் ஊதா நிற ஹப் தென்பட்டால், துடைத்து அதன் பெயரைப் படிக்காமல் விலை சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இவற்றில் பல எடையைக் குறைப்பதற்காக மெலிதாகச் செய்தவை, கிராங்குகள் உடைந்த வரலாறு உண்டு. அலமாரியில் வைக்க வாங்குபவருக்கு விற்கலாம், ஓட்டப் போகிறவருக்கு அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

## நிலை: எது விலையைப் பாதியாக்கும்?

இங்கேதான் விலை கணிப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். அழுக்கு, காற்றுப்போன டயர், துருப்பிடித்த செயின், கிழிந்த சீட் இவற்றால் விலை பெரிதாகக் குறையாது. கண்ணுக்கு எளிதில் படாதவைதான் குறைக்கும்.

1. ஃபிரேம் விரிசலும் மடிப்பும். முன்னால் எங்காவது மோதிய சைக்கிளில், ஹேண்டில்பார் நுழையும் ஹெட் ட்யூபுக்குச் சற்றுப் பின்னால், மேல் கீழ் இரண்டு குழாய்களின் அடிப்பக்கத்திலும் பெயின்ட் சுருங்கியிருக்கும். விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அது இருந்தால் ஃபிரேம் வளைந்துவிட்டது என்று பொருள். பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும், சீட் குழாயின் வெட்டுக்குக் கீழேயும், பின் சக்கரத்தைப் பிடிக்கும் முனைகளிலும் விரிசல் தேட வேண்டும். அலுமினிய ஃபிரேமில் விரிசல் என்றால் ஏறக்குறைய கதை முடிந்தது. ஸ்டீல் என்றால் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவு சாதாரண சைக்கிளின் விலையையே தாண்டும்.

2. இறுகிப்போன சீட் போஸ்ட். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினியக் கம்பி கிரீஸ் இல்லாமல் இருபது முப்பது ஆண்டுகள் கிடந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சீட் ஏறி இறங்குகிறதா என்று அசைத்துப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. ஹேண்டில்பார் கழுத்துக்கும் இதே சோதனை.

3. பசை விட்ட இணைப்புகள். கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் பசையால் ஒட்டிய ஃபிரேம்கள் அந்தக் காலத்தில் நிறைய வந்தன. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும், பசையும் காலத்தால் விடும். மூட்டைச் சுற்றி பெயின்ட் கோடாக வெடித்திருந்தாலோ வெள்ளைப் பொடி தெரிந்தாலோ அது காட்சிப்பொருள், ஓட்ட அல்ல.

4. முன்சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க். 90களின் ஃபோர்க்குகள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் போன்ற எலாஸ்டோமர் துண்டுகள் இருந்தன. இத்தனை ஆண்டில் அவை பிசினாகவோ பொடியாகவோ மாறியிருக்கும். அழுத்தினால் இறங்காத ஃபோர்க், அல்லது இறங்கிவிட்டு எழாத ஃபோர்க், வேலை செய்யாதது என்றே கணக்கு. காற்றும் எண்ணெயும் கொண்ட ராக்‌ஷாக்ஸ் மேக் வரிசையைச் சீல் மாற்றி உயிர்ப்பிக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

5. கிளிக் ஆகாத ஷிஃப்டர். இது நல்ல செய்தி. 90களின் ஷிமானோ பொத்தான் ஷிஃப்டர் செத்துவிட்டது போலத் தோன்றினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியாகிவிட்டது என்றுதான் பொருள். கரைப்பான் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, திரும்பத் திரும்ப அழுத்தினால் பல நேரம் உயிர் வரும். இதைத் தெரியாமல் 'கியர் வேலை செய்யவில்லை' என்று எழுதி விற்பவர்களிடம்தான் விஷயம் தெரிந்தவர்கள் மலிவாக வாங்குகிறார்கள்.

பெயின்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேகரிப்பவருக்குக் கீறலோடு இருக்கும் அசல் பெயின்ட், பளபளக்கும் புதுப் பெயின்ட்டைவிட உயர்ந்தது. கிளைன் போன்ற சைக்கிளில் நிறமே பாதி மதிப்பு. விற்பதற்கு முன் 'அழகாக்கலாம்' என்று பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டால், வந்திருக்க வேண்டிய பணத்தைத் தானே அழித்துக்கொண்டது போல ஆகும். தயவுசெய்து செய்யாதீர்கள். துடைத்து, மெழுகு போட்டால் போதும்.

விடுபட்ட பாகமும் சில சைக்கிளில் மிகப் பெரிய விஷயம். 90களின் உயர்ரக கிளைன்களில் ஹேண்டில்பாரும் கழுத்தும் ஒரே துண்டாக, அந்த ஃபிரேமின் பிரத்யேக பேரிங்குகளோடு பொருந்தும்படி செய்யப்பட்டிருந்தன. அது தொலைந்துவிட்டால் கடையில் வேறொன்று வாங்கி மாட்ட முடியாது. சாதாரண சைக்கிளில் ஹேண்டில்பார் மாறியிருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

## கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு

ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் எந்த விலையையும் நம்ப வேண்டாம். 3,000 டாலருக்குப் போட்ட சைக்கிள் இரண்டு ஆண்டாக அங்கேயே கிடக்கலாம். போட்டவரின் ஆசை அது, சந்தையின் விலை அல்ல. கைமாறிய விலைகளைப் பார்க்கும்போதும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

ஒரே ஒரு விற்பனை போதாது. ஏலத்தில் இருவர் மோதிக்கொண்டால் விலை எகிறும், மறுமுறை அதில் ஒருவர் வர மாட்டார். முழுச் சைக்கிளா, ஃபிரேம் மட்டுமா, ஃபோர்க்கோடு சேர்ந்த ஃபிரேமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அளவும் முக்கியம். சராசரி உயரக்காரருக்குப் பொருந்தும் நடுத்தர அளவுக்கு வாங்குபவர் அதிகம், மிகப் பெரிய ஃபிரேமும் மிகச் சிறிய ஃபிரேமும் தேங்கும். விற்ற காலத்தையும் பார்க்க வேண்டும். 2020இல் பெருந்தொற்றின்போது சைக்கிளுக்கே தட்டுப்பாடு வந்து எல்லாப் பழைய சைக்கிளும் விலை ஏறியது, அந்த விலைகளை இன்றைக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

பைசைக்கிள் புளூ புக் போன்ற விலைப் பட்டியல் தளங்கள் அண்மைக்கால சைக்கிள்களுக்குப் பயன்படும். முப்பது ஆண்டு பழசான, கைவினையில் செய்த ஒன்றுக்கு அவற்றால் உதவ முடியாது. கடைக்காரர் தரும் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அவர் சரிசெய்ய வேண்டும், இடம் கொடுக்க வேண்டும், லாபமும் வைக்க வேண்டும்.

## இரண்டு கணக்குகள்

இதில் வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் சைக்கிளுக்கு நீங்கள் தேடி எடுத்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: 1989இல் வந்த ஒரு பெரிய பிராண்டின் குரோமோலி சைக்கிள், முழுக்க டியோர் எக்ஸ்டி பாகங்கள், எல்லாம் வேலை செய்கின்றன. ஓட்டுபவர் 200 டாலர் கொடுப்பார். பிரித்தால் ஷிஃப்டர் 90, கிராங்க் 50, இரண்டு டீரெயிலரும் சேர்த்து 60, பிரேக்குகளும் பிடிகளும் 80, சக்கரங்கள் 60, ஃபிரேம் 80. கூட்டினால் 420. தளத்தின் கமிஷன் 13 சதவீதம் என்று வைத்தால் சுமார் 55 போய், 365 மிஞ்சும். அதிலும் ஆறு ஏழு பார்சல் கட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். எல்லாம் விற்கும் என்ற உறுதியும் இல்லை. சக்கரமும் ஃபிரேமும்தான் கடைசி வரை தங்கும்.

இரண்டாவது: சோமர்வில் காலத்து யோ எடி. அசல் நிலையில் இருப்பவை சராசரியாக 2,400 டாலருக்குக் கைமாறியதாகத் தேடலில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் இருப்பதில் அசல் ஃபோர்க் இல்லை, பெயின்ட் மாற்றியாயிற்று, பாகங்கள் 2000களைச் சேர்ந்தவை. அசல் ஃபோர்க் தனியாக வாங்க 500, அந்தக் காலத்துப் பாகங்கள் சேர்க்க 500, மறுபடி அசல் நிறத்தில் பெயின்ட் அடிக்க 400. கழித்தால் 1,000. சேகரிப்பவர் மனதில் போடும் கணக்கு இதுதான். ஆக அவர் 1,000 டாலர் சொன்னால் அது அடிமாட்டு விலை இல்லை. அதே அசல் ஃபோர்க் அதே கராஜில் ஒரு பெட்டிக்குள் கிடந்தால், 500 டாலர் அங்கே கிடக்கிறது என்று பொருள். கழற்றிய பாகங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

## பிரித்து விற்பதா, முழுதாகவா?

முதல் கணக்கைப் பார்த்தால் பிரிப்பதே லாபம் என்று தோன்றும். ஃபிரேம் உடைந்திருந்தால் பிரிக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் ஃபிரேம் நன்றாக இருந்து, கேட்டலாக்கில் உள்ளபடியே பாகங்களும் இருந்தால், பிரிக்காமல் விற்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. இப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் சைக்கிள்கள் அருகிவிட்டன. பிரித்த பாகங்களை மறுபடி சேர்த்தால் அது ஒன்றாகப் பிறந்த சைக்கிள் ஆகாது. தேதிக் குறிகள் பொருந்தாது, தேய்மானம் பொருந்தாது. நூறு நூற்றைம்பது டாலர் கூடுதல் லாபத்துக்காக ஒரு முழு வரலாற்றைக் கலைப்பது நியாயமாகப் படவில்லை. மரின் கவுண்டியின் ஃபேர்ஃபாக்ஸில் 2015இல் திறந்த சைக்கிள் அருங்காட்சியகத்தில் முழுச் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைப் பார்ப்பவர்களுக்கு, பாகங்களுக்கு இடையே உள்ள உறவே எவ்வளவு சொல்கிறது என்பது புரியும்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. விலையுயர்ந்த ஷிஃப்டரை மட்டும் எடுத்துக்கொண்டு சாதாரண ஷிஃப்டர் போட்டு விற்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். சாதாரண சைக்கிளில் அது பரவாயில்லை. அரிய சைக்கிளில் அது இரண்டையும் கெடுக்கும்.

## விலை சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

1. வரிசை எண்ணை பைக் இன்டெக்ஸ் போன்ற திருட்டுச் சைக்கிள் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கராஜோடு வந்த சைக்கிள் என்றாலும், பழைய பொருள் சந்தையில் வாங்கியது என்றாலும் இது கட்டாயம்.

2. படங்கள் எடுங்கள்: கியர் இருக்கும் வலப்பக்கம் முழுதாக, ஹெட் ட்யூபின் கீழ்ப்பக்கம், பாட்டம் பிராக்கெட்டின் அடி, வரிசை எண், குழாய் ஸ்டிக்கர், ஒவ்வொரு பாகத்தின் பெயர், ஒவ்வொரு கீறல். குறையைப் படத்தில் காட்டினால் விலை குறையும் என்று பயப்பட வேண்டாம். தெரியாத குறைக்குத்தான் வாங்குபவர் அதிகமாகக் கழிப்பார்.

3. பந்தய வீரர் யாராவது ஓட்டியது என்று கேள்விப்பட்டிருந்தால், அதை ரசீது, பழைய புகைப்படம், செய்தவரின் கடிதம் போன்ற ஆதாரத்தோடு மட்டும் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத கதைக்கு இந்தச் சந்தையில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

4. அனுப்பும் செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள். முழுச் சைக்கிளைப் பெட்டியில் கட்டி நாட்டின் மறுகோடிக்கு அனுப்ப நூறு டாலருக்கு மேல் ஆகலாம். ஓட்டுபவருக்கான 150 டாலர் சைக்கிளை உள்ளூரில் விற்பதே புத்திசாலித்தனம். சேகரிப்பவருக்கான சைக்கிளுக்கு உலகம் முழுதும் ஆள் இருக்கிறார்கள், ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அனுப்பத் தயாராக இருந்தால் நல்ல விலை கிடைக்கும்.

5. கண்டெடுத்த ஐந்தாறு கைமாறிய விலைகளின் நடுவில் உள்ளதை எடுத்து, உங்கள் சைக்கிளின் குறைகளுக்குக் கழித்து, பேரத்துக்குப் பத்து சதவீதம் மேலே வைத்துப் போடுங்கள். போட்ட முதல் மணி நேரத்திலேயே நாலைந்து பேர் முழு விலைக்கு வாங்கத் தயார் என்று எழுதினால் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். எதையோ நீங்கள் அடையாளம் காணாமல் விட்டிருக்கிறீர்கள், அதை அவர்கள் படத்தில் பார்த்துவிட்டார்கள்.